எண்பத்திரண்டாவது மீட்டர்

விண்வெளியில் யாரும் நடப்பதில்லை. அதிலும் பிற்பகல் மூன்று பத்துக்கு, நாள் தவறாமல், ஏழு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுகொள்கிற மாதிரி யாரும் நடப்பதில்லை. ஆனால் அவளுடைய மேஜைத் திரையில் அந்த ஏழு அடிகளும் செவ்வாய்க்கிழமையிலிருந்து மூன்று நாளாக விழுந்துகொண்டிருந்தன.

மற்றவர் கண்ணுக்கு அவை அடிகளாகத் தெரிந்திருக்காது. திரையில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள், இஸ்திரி போட்டு விரித்த கோடு போட்ட சட்டைத் துணி மாதிரி அசையாமல் நிற்கும். மூன்று பத்து ஆனதும் அவை ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்ந்து திரும்பும். ஒரு சின்ன இடைவெளி. மறுபடி நகர்ந்து திரும்பும். ஏழு முறை. பிறகு ஒன்றுமே நடக்காதது போல அசையாமல் நிற்கும்.

வரிகள் வருவது பூமியிலிருந்து வெகுதூரத்தில் மிதக்கும் இரண்டு விண்கலங்களிலிருந்து. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தொலைநோக்கி. இரண்டுக்கும் நடுவே நூற்றிருபது மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி இழை ஒன்று, தலைமுடிக் கனத்தில். ஒரே நட்சத்திரத்தின் வெளிச்சத்தை இரண்டு கலங்களும் பிடித்து, இழை வழியாகக் கொண்டுவந்து ஒன்றாகச் சேர்த்தால் இந்த வரிகள் விழும். விழுந்தால், இரண்டு குட்டித் தொலைநோக்கிகள் சேர்ந்து நூற்றிருபது மீட்டர் அகலமுள்ள ராட்சதக் கண்ணாடியின் வேலையைச் செய்கின்றன என்று அர்த்தம். இழையின் பக்கத்தில் யாராவது தும்மினால்கூட வரி ஆடிவிடும். தும்முவதற்கு அங்கே ஆள் கிடையாது, காற்றும் கிடையாது.

கலங்களை ஏவுவதற்கு முன்னால் இரண்டு வருடம், அதே சுருளிலிருந்து வெட்டிய அதே நீளமுள்ள இரட்டைப்பிறவி இழை ஒன்றை இந்தக் கட்டடத்தின் நிலவறையில் கட்டி வைத்துச் சோதித்தவள் அவள். யார் நிலவறைக்குள் வந்தாலும் வரியின் ஆட்டத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். காவலாளிக்கு வலது கால் கொஞ்சம் இழுக்கும். துடைக்க வரும் அம்மா வாளியை வைக்கிற இடமெல்லாம் வரி துள்ளும். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறாள், திரையில் விழுந்தவை காலடிகள். குதிகால் முதலில், விரல்கள் பிறகு. சின்ன அடிகள், அவசரமில்லாத அடிகள்.

ஆகவே அவளுக்கு வந்தது பயம் இல்லை, சந்தேகம். இது வானத்திலிருந்து வரவில்லை. நிலவறையில் இருக்கும் இரட்டை இழையின் வரியை யாரோ எடுத்து, விண்கலத்தின் வரி என்று காட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. அத்தான்தான்.

அத்தான் என்றால் அவள் அக்காவின் கணவர். இந்த அலுவலகத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், அவளுடைய பிரிவுக்குத் தலைவர். எதைக் கேட்டாலும் ‘பாத்துக்கலாம்’ என்பார், அதனால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் பெயரே ‘பாத்துக்கலாம்’ என்றாகிவிட்டது. நல்ல மனிதர்தான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மணி நேர வெப்பநிலைப் பதிவு விட்டுப்போனபோது, முந்தைய நாள் எண்களை எடுத்து நிரப்பிப் பூசி மெழுகியதை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அக்காவுக்காக அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள்.

கலங்கள் மேலே போன பிறகு பத்தொன்பது நாள் வரியே விழவில்லை. ஆளாளுக்கு முகம் சுண்டிப்போய்த் திரிந்தார்கள். இருபதாம் நாள், போன வெள்ளிக்கிழமை காலை, அறையில் அத்தான் மட்டும் தனியாக இருந்தபோது வரி விழுந்தது. எல்லோரும் ஓடிவந்து கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டும்போதே மனசு ஒரு மாதிரி இருந்தது.

இப்போது அதற்கு விலை கேட்கிற நேரம். நாளைக்குக் காலையில் திட்டக் குழு கூடுகிறது. ‘இந்தப் பதிவுகள் உண்மையானவை’ என்ற தாளில் சரிபார்ப்பவள் என்ற இடத்தில் அவள் இன்று ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டு, பொய் என்று பின்னால் தெரிந்தால் அவள் தொலைந்தாள். போடாவிட்டால் அத்தான் தொலைந்தார், கூடவே அக்கா வீடும்.

செவ்வாய்க்கிழமை மாலையே பதிவுகளைக் கிளறிப் பார்த்திருந்தாள். இழையில் எந்த இடத்தில் அழுத்தம் விழுந்தது என்று மீட்டர் கணக்கில் சொல்லும் கருவி ஒன்று கலத்தில் உண்டு. வரி ஆடினால் அந்தக் கருவி ஓர் எண்ணைக் காட்டியே ஆக வேண்டும். அந்தப் பத்தி முழுக்கச் சுத்தமாகக் காலியாக இருந்தது. வரி ஆடுகிறதாம், இழையில் எங்கேயும் ஒன்றும் இல்லையாம். யாருக்குக் காது குத்துகிறார் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். மூன்று மணி ஆனால் அவர் ஏதாவது சாக்குச் சொல்லி அறையிலிருந்து எல்லோரையும் கிளப்புவார். ‘போய் டீ குடிச்சிட்டு வாங்கப்பா, நான் பாத்துக்கறேன்.’ மூன்றே காலுக்குத் திரும்பினால் திரையின் பதிவில் ஏழு அடிகளும் இருக்கும், அவர் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பார். புதன்கிழமை நிலவறைச் சாவியைக் கேட்டதற்கு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பதில் சொன்னார்.

“அங்க என்ன இருக்கு? தூசிதான் இருக்கு. அப்புறம் பாத்துக்கலாம்.”

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள்.

“ஏண்டி, ஆபீஸ்ல என்ன நடக்குது? ஒரு வாரமா இந்த மனுஷன் தூங்கறதே இல்ல. ஹால்ல எல்லா லைட்டையும் போட்டுட்டு சோபாவுல உக்காந்திருக்காரு. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. உன்கிட்டயாவது ஏதாவது சொன்னாரா?”

“ஒண்ணும் இல்லக்கா. வேலை ஜாஸ்தி.”

“நீ கூடவே இருக்கேங்கற தைரியத்துலதான் நான் இருக்கேன்.”

போனை வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்குப் பதிலாகக் கோபப்பட்டாள், அது சுலபமாக இருந்தது. கையும் களவுமாகப் பிடித்து, அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்து, குழுவுக்குப் போவதற்கு முன்னால் அவரே தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்படி செய்துவிட்டால் வீட்டுக்கு அவ்வளவாகச் சேதம் வராது. இரண்டே முக்காலுக்கு, மாட்டி வைத்திருந்த வாக்கி-டாக்கிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

காவலாளி சாவியைத் தயங்கித் தயங்கித்தான் எடுத்தார். “சார் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு மேடம்.”

“சார்தான் அனுப்பினாரு.”

“அப்போ ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க. நாளைக்கு என் தலை உருளக் கூடாது.”

அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. படியிறங்க இறங்க அந்த வெயில் முதுகிலிருந்து கழன்றுகொண்டே வந்து, கடைசிப் படியில் சுத்தமாக இல்லாமல் போனது. கதவருகே இருந்த பெட்டியில் பழக்கதோஷத்தில் கைப்பேசியைப் போட்டாள். படம் எடுக்கிற எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. சாவி சாவகாசமாகத் திரும்பியது. உள்ளே குளிர்ந்த சிமென்ட்டும் பழைய ரப்பரும் கலந்த வாடை, அதற்கு அடியில் நாணயத்தை நாக்கில் வைத்தால் வருகிற மாதிரி ஒரு லேசான உலோக வாடை.

நிலவறை என்பது அறை இல்லை, நூற்றிருபது மீட்டர் நீளத்துக்கு ஒரே நேரான நடை. இடது சுவரில் இடுப்பு உயரத்தில் மீட்டருக்கு ஒரு கொக்கி, கொக்கிக்கு மேலே எண் பொறித்த தகடு, கொக்கிகளின் மேல் வாசலிலிருந்து கடைசிவரை அந்த இழை. வாசலில் ஒரு மேஜை. மேல்மாடிக்குப் போகும் கம்பி அந்த மேஜையில்தான் சேர வேண்டும்.

அது சேர்ந்திருக்கவில்லை. இழையின் முனையில் மூடி போட்டிருந்தது, மூடியின் மேல் ஒரு மாதத் தூசி படிந்திருந்தது.

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அடுத்த நிமிடமே சந்தேகம் வேறு வழி கண்டுபிடித்தது. அத்தான் இவ்வளவு வெளிப்படையாகச் செய்கிற ஆளா? முனையில் கை வைக்காமல் நடுவில் எங்கேயாவது ஒரு கவ்வியைப் போட்டு இழையை வளைத்தாலும் வெளிச்சம் கசியும். கசிகிறதைத் திருடிக்கொள்ளலாம். அதைக் கண்டுபிடிக்க அவளிடம் வழி இருந்தது. மேஜை இழுப்பறையில் பேனா அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அதை இழையின் முனையில் செருகினால் சிவப்பு வெளிச்சம் உள்ளேயே ஓடும். எங்கே இழை அழுந்தியிருக்கிறதோ அங்கே மட்டும் சின்னப் பொட்டாக வெளியே தெரியும். ஆனால் மங்கலாகத்தான் தெரியும், நடை முழுக்க இருட்டாக இருக்க வேண்டும்.

மூடியைக் கழற்றி விளக்கைச் செருகிவிட்டு, கதவைச் சாத்தி, சுவிட்சை அணைத்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, வெகு தூரத்தில், நடையின் கடைசிப் பக்கத்தில், குங்குமப் பொட்டளவுக்கு ஒரு சிவப்பு தெரிந்தது.

“மாட்டினீங்க,” என்று வாய்விட்டே சொன்னாள்.

இடது கையால் கொக்கிகளுக்கு மேலே இருந்த தகடுகளைத் தடவிக்கொண்டே நடந்தாள். இழையைத் தொடவில்லை. பத்து. இருபது. அவள் காலடிச் சத்தம் சுவரில் பட்டு ஒரு நொடி தாமதமாகத் திரும்பி வந்தது. முன்பு இங்கே வேலை பார்த்தபோது குளிர்சாதனத்தின் முனகல் எப்போதும் கேட்கும், இப்போது அதுவும் இல்லை. அறுபது. எழுபது. பொட்டு அப்படியே இருந்தது, கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. எண்பத்திரண்டாவது தகட்டில் நின்றாள். இன்னும் பதினைந்து பதினாறு மீட்டர் இருக்கலாம். போய் அந்தக் கவ்வியைப் பிடுங்குவதற்கு முன்னால் அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வீம்பு. வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

“அத்தான், நான் கீழ இருக்கேன்.”

“கீழன்னா?”

“நிலவறையில. உங்க வரி எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு இருக்கேன்.”

அவர் குரல் மெதுவாக வந்தது. “மேல வந்துடும்மா. இப்பவே வா. நான் எல்லாம் சொல்றேன்.”

“திரையைப் பாருங்க. மீட்டர் கருவியப் பாருங்க.” இரண்டு விரலால் இழையைக் கவ்வி அழுத்தினாள். விரல்களுக்கு அடியில் சிவப்பு கசிந்து நகக்கண் ரத்தமாகத் தெரிந்தது. “என்ன காட்டுது?”

அவர் விசைப்பலகையைத் தட்டுவது கேட்டது.

“எண்பத்திரண்டு,” என்றார்.

தீர்ந்தது. அவள் நினைத்தது சரி. சரியாக இருந்ததில் அவளுக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

“அக்காவ நெனச்சுப் பாத்தீங்களா? என்னைக் கையெழுத்துப் போட வெச்சு மாட்டிவிடப் பாத்தீங்களே.”

“நான் எதையும் உள்ள போடலம்மா. சத்தியமா இல்ல. எடுத்தேன், அவ்வளவுதான். அது மேலேருந்துதான் வருது, ஆன்டெனா வழியா நேரா வருது. மீட்டர் பத்தியை மட்டும் நான் அழிச்சேன். முதல் நாள், போன வெள்ளிக்கிழமையே, நூத்திப் பத்தொன்பது காட்டுச்சு. ஒரு நாளைக்கு மூணு மீட்டர் கிட்ட வருது. நேத்து தொண்ணூத்தெட்டுல நின்னுது. இத யார்கிட்ட போய் சொல்றது?”

பொய்தான் சொல்கிறார் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது. அதே மனம், எண்பத்திரண்டோடு பதினாறைக் கூட்டியும் பார்த்தது.

“மணி என்ன அத்தான்?”

“மூணு பத்து.”

தூரத்தில் சிவப்புப் பொட்டு அணைந்தது. அரை மீட்டர் இந்தப் பக்கமாக மறுபடி எரிந்தது. அணைந்தது. எரிந்தது. ஆள் வைத்திருக்கிறார், என்று நினைத்தாள். இருட்டில் யாரோ நின்று விளையாடுகிறார்கள். காது கொடுத்துக் கேட்டாள். காலடிச் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. ஏழு முறை எரிந்து அணைந்தது.

எட்டாவது முறையும் எரிந்தது.

“நிக்கலம்மா,” என்றார் அத்தான். “இன்னைக்கு நிக்கல. தொண்ணூத்திரண்டு. தொண்ணூறு. நீ கையை எடு. இழையிலேருந்து கையை எடு.”

எடுத்தாள். பின்னால் நகர்ந்து எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள்.

“எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்.”

“எண்பத்திரண்டு இன்னும் காட்டுதே.”

பார்த்தாள். அவள் விரல் இருந்த அதே இடம். அவள் இரண்டு விரலால்தான் அழுத்தினாள். இப்போது அங்கே நான்கு பொட்டுகள். வரிசையாக. ஒன்றுக்கொன்று ஒட்டி. அவை அணையவில்லை. அவள் விட்டுவிட்டுப் போன சூட்டைத் தடவிப் பார்ப்பது போல அங்கேயே நின்று, ஒன்று மாற்றி ஒன்று லேசாக அழுந்தின.

அப்போதும் அவளுக்குள் ஒரு மூலையில் சந்தேகம் சாகவில்லை. நூல் கட்டி இழுக்கிறார்கள். எங்கேயோ ஒரு மோட்டார். கையை நீட்டினாள். பொட்டுகளுக்கு மேலே, கீழே, முன்னால். நூல் இல்லை. ஆள் இல்லை. குளிர்தான் இருந்தது. அந்த இடத்தில் மட்டும்.

கையை இழுத்துக்கொண்டாள்.

பொட்டுகள் நகர்ந்தன. அவளைத் தாண்டி. வாசல் பக்கமாக.

“எழுபத்தஞ்சு,” என்றது வாக்கி-டாக்கி. “அறுபத்தெட்டு. அறுபது. நின்னுடுச்சு. நீ எந்தப் பக்கம் இருக்க?”

“உள் பக்கம்.”

அவர் மூச்சு விடுவது கேட்டது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அது நிற்கிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

“நான் வரேன்.”

“வராதீங்க. அத்தான், நீங்க வந்துட்டா அது எங்க இருக்குன்னு யார் சொல்லுவா? அங்கேயே இருங்க.”

நாற்காலி உருளும் சத்தம். பிறகு இரைச்சல். வெறும் இரைச்சல்.

அவரை நம்பியிருக்கலாம். ஒரு தடவை உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கலாம். ஒரு வாரம் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு, அவர் பயத்தைத் திருட்டு முழி என்று நினைத்தாள். அந்த வெட்கம் பயத்தைவிட மோசமாக இருந்தது.

நான்கு சிவப்புப் பொட்டுகள். அசையவில்லை. அவளும் அசையவில்லை. இரண்டு கையாலும் வாக்கி-டாக்கியை நெஞ்சோடு பிடித்திருந்தாள். படிகளில் யாரோ ஓடி இறங்கும் சத்தம். கூரை வழியாகக் கேட்டது. பொட்டுகளும் கேட்டிருக்க வேண்டும். அணைந்தன. எரிந்தன, ஐம்பத்தெட்டில். ஐம்பத்தைந்தில்.

அவளை விட்டு விலகிப் போகின்றன.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அதை அவள் தன்னிடம்கூட மறைக்க முடியவில்லை. உடம்பெல்லாம் தளர்ந்து, அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சு முடிவதற்குள்தான் அது எங்கே போகிறது என்று உறைத்தது.

“அத்தான், லைட் போடாதீங்க,” என்று கத்தினாள். வெளிச்சம் வந்தால் சிவப்பு தெரியாது.

கதவு திறந்தது. நடை முழுக்க வெள்ளை விளக்குகள் பளீரென்று எரிந்தன.

ஒன்றும் இல்லை. வெறும் நடை, வெறும் சுவர், கொக்கிகள். வாசலில் அத்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தார், ஒரு காலில் செருப்பு இல்லை. அவளைப் பார்த்ததும் அவர் முகம் குழந்தை மாதிரி மலர்ந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவரத் தொடங்கினார்.

அப்போதுதான் அவள் இழையைப் பார்த்தாள். நாற்பத்தொன்பதுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவே அது கீழே தொய்ந்தது. நிமிர்ந்தது. அடுத்த இரண்டு கொக்கிகளுக்கு நடுவே தொய்ந்தது. நிமிர்ந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் கையைத் தூக்கி வைப்பது போல.

“சுவர்கிட்ட வராதீங்க. தள்ளி வாங்க.”

அவள் சொன்னபடியே செய்தார். நடையின் நடுவுக்கு வந்தார். அவளும் ஓடினாள். இழையின் தொய்வு முப்பதில், சரியாக அவருக்கு நேரே வந்து நின்றது. பிறகு இழை நிமிர்ந்து நேராகி அசையாமல் கிடந்தது. எடையை எடுத்துவிட்ட மாதிரி.

அத்தான் ஓட்டத்தை நிறுத்தி, குனிந்து, வலது கையை முழங்காலில் ஊன்றி, கண்ணை மூடி மூச்சு வாங்கினார். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அவருக்கும் நடுவே இன்னும் பத்தடி இருந்தது. அவளால் அதற்கு மேல் கால் வைக்க முடியவில்லை.

“வந்துட்டேன்ல,” என்றார், தலையைத் தூக்காமல். “ஒண்ணும் இல்ல. வா, போலாம். கையை விடும்மா, வலிக்குது. ஏன் இவ்வளவு சில்லுனு இருக்கு உன் கை?”

அவளுடைய இரண்டு கைகளும் வாக்கி-டாக்கியின் மேல்தான் இருந்தன. அவருடைய இடது மணிக்கட்டில், வெள்ளை விளக்கு வெளிச்சத்தில், சதை நான்கு இடத்தில் உள்ளே குழிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நான்கு குழிகளும் நிரம்பி, இரண்டு விரல் தள்ளி மேலே, முழங்கையை நோக்கி, மறுபடி விழுந்தன.